விமான நிலையத்தில் வேலை உண்டு, இடஒதுக்கீடு இல்லை

அந்தத் தம்பிக்கு வயது இருபத்தாறு. பி.காம். படித்தவர். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் விவசாயக் கூலிகள். ஊருக்குக் கிழக்கே காலனி. காலனியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிறிய விமான நிலையம். அங்கே இரண்டரை ஆண்டுகள் வேலை பார்த்தார். இப்போது இல்லை.

"ஊர் பேரு, கம்பெனி பேரு எதுவும் போட்டுடாதீங்கண்ணா. நாளைக்கு மறுபடி ஃபிளைட் வந்தா அதே காண்ட்ராக்ட்காரர்கிட்டதான் போய் நிக்கணும்" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே எதையும் இங்கே குறிப்பிடவில்லை.

அவர் செய்த வேலையை அவரே சொன்னார். விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். பெட்டிகளை இறக்கி டிராலியில் ஏற்ற வேண்டும். நடக்க முடியாத பெரியவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள வேண்டும். பயணிகள் இறங்கியதும் உள்ளே போய் இருக்கைகளுக்கு இடையே கிடக்கும் குப்பையைப் பொறுக்க வேண்டும். பிறகு புறப்படும் பயணிகளின் பெட்டிகளை ஏற்ற வேண்டும். இத்தனையும் அரை மணி நேரத்துக்குள். பெரிய விமான நிலையத்தில் இந்த வேலைகளுக்குத் தனித்தனிக் குழுக்கள் இருக்கும். சிறிய நிலையத்தில் நாலைந்து பேரே எல்லாவற்றையும் செய்வார்கள்.

சட்டையில் விமான கம்பெனியின் சின்னம் இருந்தது. ஆனால் சம்பளம் போட்டது விமான கம்பெனி அல்ல. தரைப்பணி எடுத்த நிறுவனமும் அல்ல. அந்த நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் இன்னொரு காண்ட்ராக்டர். கையில் கிடைத்தது மாதம் பன்னிரண்டாயிரம். ஒருநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "அடுத்த மாசத்துல இருந்து ஃபிளைட் இல்லப்பா, பாஸைக் குடுத்துட்டுப் போ" என்றார். அத்தோடு முடிந்தது.

விமானம் நின்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. தொழில் நடத்துவோர் வருத்தம் தெரிவித்தார்கள். பயணிகள் அருகிலுள்ள பெரிய நகரத்துக்குப் போய் விமானம் ஏறத் தொடங்கினார்கள். பாஸைத் திருப்பிக் கொடுத்த நாலைந்து பேரைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. அவர்களில் மூன்று பேர் அந்தக் காலனிப் பிள்ளைகள்.

வருவதும் நிற்பதும்

சிறு நகர விமான நிலையங்களுக்கு இது புதிதல்ல. நமக்குத் தெரிந்த சேலத்தையே எடுத்துக்கொள்வோம். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் அந்த நிலையம் 1993-இல் திறக்கப்பட்டது. அப்போது தொடங்கிய சேவை நீடிக்கவில்லை. 2009-இல் கிங்ஃபிஷர் நிறுவனம் சென்னைக்கு விமானம் விட்டது. அதுவும் நீடிக்கவில்லை. 2018 மார்ச்சில் 'உடான்' திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் நிறுவனம் சென்னை - சேலம் சேவையைத் தொடங்கியது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானங்கள் வரத் தொடங்கின. புதுச்சேரியிலும் இதே கதைதான். அங்கே 2024-இல் சேவை நின்று, அந்த ஆண்டு டிசம்பரில் வேறு நிறுவனத்தின் விமானம் வந்தது.

உடான் என்பது 2016-இல் மத்திய அரசு அறிவித்த திட்டம். சிறு நகரங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் கம்பெனிக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட மூன்று ஆண்டுகளுக்கு அரசு பணம் தரும். மூன்று ஆண்டுகள் முடிந்தால் கம்பெனி சொந்தக் காலில் நிற்க வேண்டும். பெரும்பாலும் நிற்பதில்லை. 2023-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது. அந்தத் தணிக்கையில் எடுத்துக்கொள்ளப்பட்ட 774 வழித்தடங்களில் 403-இல் விமானம் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று ஆண்டுகளை நிறைவு செய்தவை 112. அதற்குப் பிறகும் ஓடியவை வெறும் 54.

இந்தக் கணக்கில் கம்பெனி இருக்கிறது, அரசுப் பணம் இருக்கிறது, பயணி இருக்கிறார். தொழிலாளி இல்லை. ஒரு வழித்தடம் தொடங்கும்போது எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நின்றபோது எத்தனை பேர் வெளியேறினார்கள், அவர்கள் யார் என்பது அந்தக் கணக்கின் கேள்வியே அல்ல. நமக்கோ அதுதான் முதல் கேள்வி.

ஏனென்றால் விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரே வாக்குறுதிதான் தரப்படுகிறது: "உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை வரும்." 2018-இல் சேலம் விமான நிலைய விரிவாக்கத்துக்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்க முயன்றபோது மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். நிலம் உள்ளவருக்காவது இழப்பீடு என்று ஒன்று பேசப்படும். அந்த நிலத்தில் களை பறித்து, நாற்று நட்டு வாழும் கூலிக்குப் பேச்சில் கிடைப்பது இந்த 'வேலை வரும்' என்ற சொல் மட்டும்தான். அப்படி வரும் வேலை எப்படிப்பட்டது என்பதை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

அன்று இருந்த கதவு

1953-இல் விமானத் தொழில் நாட்டுடைமையானது. இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா இரண்டும் அரசு நிறுவனங்களாயின. அரசு நிறுவனம் என்றால் இடஒதுக்கீடு உண்டு. அகில இந்தியப் போட்டி மூலம் நிரப்பும் மத்தியப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு. மாநில அளவில் ஆள் எடுக்கும் கடைநிலைப் பணிகளில் அந்தந்த மாநிலத்தின் மக்கள்தொகைக்கு ஏற்ற விழுக்காடு. தமிழ்நாட்டில் அது பட்டியல் சாதியினருக்கு 19.

பெட்டி தூக்கும் வேலையாக இருந்தாலும் அது நிரந்தர வேலை. சம்பள உயர்வு, மருத்துவம், ஓய்வுக்கால வைப்பு எல்லாம் உண்டு. லோடராகச் சேர்ந்தவர் தன் பிள்ளையைப் பட்டதாரியாக்க முடிந்தது. ஒரு தலைமுறை காலனியிலிருந்து மேலேறிய படிக்கட்டு அது. அந்தப் படிக்கட்டு ஒரே நாளில் உடைக்கப்படவில்லை. ஒவ்வொரு படியாகக் கழற்றப்பட்டது.

முதலில் நிரந்தர இடங்கள் நிரப்பப்படாமல் விடப்பட்டன. பிறகு தரைப்பணி தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. அதில் ஆள் எடுப்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான ஒப்பந்த முறையானது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு அரசுப் பணிக்குத்தான் பொருந்தும். கம்பெனி கைமாறிய அன்றே அதன் புதிய நியமனங்களில் இடஒதுக்கீடு என்ற கடமையும் கழன்றுவிட்டது.

தரைப்பணி செய்யும் ஏர் இந்தியா ஏர்போர்ட் சர்வீசஸ் அந்த விற்பனையில் சேராமல் அரசின் கையில் இருந்தது. 2024 ஜூலையில் மும்பையில் அந்த நிறுவனம் நேர்முகத் தேர்வு நடத்தியது. 2,216 இடங்களுக்கு 25,000-க்கும் மேற்பட்டோர் திரண்டு நெரிசல் ஏற்பட்டதாகச் செய்திகள் வந்தன. அந்தப் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது நிரந்தர வேலைக்குக் கூடிய கூட்டம் அல்ல, ஒப்பந்த வேலைக்குக் கூடிய கூட்டம்.

தீர்ப்புகள் சொன்ன கதை

இந்தப் போராட்டத்துக்கு நீதிமன்றத்தில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. எந்த வேலையில் ஒப்பந்த முறை கூடாது என்று அரசு தடை போட அதில் வழி இருந்தது. 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மத்திய அரசின் வரம்புக்குட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்குவது, துடைப்பது, தூசி தட்டுவது, காவல் காப்பது ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்த ஆட்கள் கூடாது என்றது அந்த அறிவிக்கை.

ஏர் இந்தியாவின் கட்டடங்களைப் பெருக்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வழக்காடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட வேலையில் இருந்தவர்களை முதன்மை நிறுவனமே நேரடித் தொழிலாளியாக ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். நீதிபதி கே. ராமசாமி எழுதிய அந்தத் தீர்ப்பு, துடைப்பம் பிடித்த கைகளுக்குக் கிடைத்த பெரிய வெற்றி.

அந்த வெற்றி ஐந்து ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30 அன்று இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது. ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியாக ஆராயாமல் பொத்தாம் பொதுவாக வெளியிடப்பட்டது என்று 1976 அறிவிக்கையையும் ரத்து செய்தது.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தில் இருப்பது தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு. ஒரு நிறுவனத்தின் 'மையப் பணி'யில் ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவையெல்லாம் மையப் பணி அல்ல என்று ஒரு பட்டியலும் அதில் இருக்கிறது. நிறுவனமே அந்த வேலைக்காக ஏற்படுத்தப்பட்டதாக இல்லாவிட்டால் துப்புரவு மையப் பணி அல்ல. காவல் அல்ல. சமையல் அல்ல. சுமை ஏற்றி இறக்குவது அல்ல. தோட்ட வேலை அல்ல. சலவை அல்ல.

இந்தப் பட்டியலை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். நம் காலனிகளிலிருந்து காலையில் கிளம்பிப் போகிறவர்கள் போகும் வேலைகளின் பட்டியல் அல்லவா இது? 1976-இல் 'ஒப்பந்தத்துக்கு விடாதே' என்று தடுக்கப்பட்ட துப்புரவு, இன்று 'ஒப்பந்தத்துக்கு விடலாம்' என்ற பட்டியலில் முதல் வரிசையில் நிற்கிறது. எந்தச் சட்டத்திலும் சாதியின் பெயர் இல்லை. பெயர் சொல்லாமலேயே யாருடைய வேலை நிரந்தரமற்றது என்று எழுதிவிட முடிகிறது.

பாஸும் போலீஸும்

விமான நிலைய வேலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உள்ளே போகப் பாதுகாப்பு அனுமதிச் சீட்டு வேண்டும். தொழிலாளர்கள் 'பாஸ்' என்பது அதைத்தான். காவல்துறை சரிபார்ப்பு முடிந்தால்தான் பாஸ் கிடைக்கும். விமானப் பாதுகாப்புக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊர்த் தகராறு ஒன்றில் காலனி இளைஞர்கள் இருபது பேர் மீது மொத்தமாக வழக்கு போடப்படுவது நம் மாவட்டங்களில் நடக்காத விஷயமா? அதில் பெயர் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கு இந்தக் கதவு திறக்கும் முன்பே மூடிக்கொள்கிறது.

பாஸ் தொழிலாளியின் சொத்தும் அல்ல. அது வேலை தரும் நிறுவனத்தின் பேரில் வருவது. காண்ட்ராக்டர் மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாம் சந்தித்த தம்பி இரண்டரை ஆண்டுகளில் இரண்டு காண்ட்ராக்டர்களைப் பார்த்துவிட்டார். வேலை அதே வேலை, நிற்கும் இடம் அதே இடம். ஆனால் காகிதத்தில் இரண்டாவது முறையும் அவர் புது ஆள். முதல் காண்ட்ராக்டர் பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறியதா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

"அனுபவச் சான்றிதழ் கேட்டேண்ணா. நீ எங்க ஆளே இல்லன்னுட்டாங்க விமான கம்பெனியில. காண்ட்ராக்ட்காரர் போனை எடுக்கல" என்றார்.

என்ன கேட்க வேண்டும்?

விமான கம்பெனி நட்டத்தில் ஓட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் உடான் வழித்தடத்தில் ஓடுவது அரசுப் பணம். நிலையம் இருப்பது அரசு நிலத்தில், அதை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம் என்ற அரசு நிறுவனம். நிலமும் பணமும் பொதுவுடையதாக இருக்கும்போது வேலையில் மட்டும் சமூக நீதி வெளியே நிற்க வேண்டும் என்பது என்ன நியாயம்? மானியம் வாங்கும் கம்பெனியும் அதன் ஒப்பந்ததாரரும் உள்ளூரில் ஆள் எடுக்கும்போது இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை எழுதலாம். கட்டணம் இவ்வளவுதான் என்று நிபந்தனை போட முடிந்த அரசுக்கு இதையும் போட முடியும்.

இது நடக்காத காரியம் என்பார்கள். வெளிமுகமை மூலம் எடுக்கும் அரசு வேலைகளிலும் இடஒதுக்கீடு உண்டு என்று பீகார் அரசு 2017-இல் முடிவெடுத்தது. 2024-இல் கர்நாடக அரசும் அப்படி உத்தரவிட்டது. மத்திய அரசிலேயே 45 நாள்களுக்குக் குறையாத தற்காலிக நியமனங்களுக்கு இடஒதுக்கீடு உண்டு என்ற ஆணை நடப்பில் இருக்கிறது. அது நேரடி நியமனத்துக்கு மட்டும் என்று நிற்கிறது. நடுவில் ஒரு காண்ட்ராக்டர் வந்துவிட்டால் ஆணை தொலைந்துபோகிறது. அந்த ஓட்டையை அடைக்கச் சொல்வதுதான் நம் கோரிக்கை.

அதுவரை இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலில், உங்கள் முதலாளி யார் என்று எழுத்தில் வாங்குங்கள். நியமனக் கடிதம் தருவது இப்போது சட்டப்படி கட்டாயம். சட்டையில் இருக்கும் சின்னத்தை நம்பாதீர்கள்.

இரண்டாவது, பி.எஃப். கணக்கு எண்ணை முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். பணம் ஏறுகிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். காண்ட்ராக்டர் மாறினாலும் அந்த எண் மாறக் கூடாது.

மூன்றாவது, வேலையிலிருந்து நிறுத்தினால் இரண்டு வேலை நாள்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. காண்ட்ராக்டர் தராவிட்டால் அவரை அமர்த்திய முதன்மை நிறுவனம் தர வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கான நேரடி ஒப்பந்தத்தில் ஓராண்டு முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு.

நான்காவது, விமானப் போக்குவரத்து மத்திய அரசின் வரம்பில் வருகிறது. ஆகவே புகாரை மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைந்து நாளைத் தொலைக்காதீர்கள்.

கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பத்து ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். நம் பகுதி விமான நிலையத்தில் எத்தனை ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களை அமர்த்திய நிறுவனங்கள் எவை, எத்தனை பேர் பட்டியல் சாதியினர், எந்தெந்த வேலையில் என்று விமான நிலைய ஆணையத்திடம் கேளுங்கள். 'எங்களிடம் அந்த விவரம் இல்லை' என்று பதில் வந்தால் அதுவும் ஒரு சான்றுதான். அதை எடுத்துக்கொண்டு தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்திடம் போகலாம். அரசியல் சட்டத்தின் 338-ஆவது பிரிவு அந்த ஆணையத்துக்கு விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

நாம் கிளம்பும்போது தம்பியின் அம்மா வேலை முடிந்து வந்திருந்தார். வீட்டுச் சுவரில் மகனின் பட்டமளிப்புப் படம் மாட்டியிருந்தது. பக்கத்திலேயே ஆணியில் ஒரு சட்டை தொங்கியது. பாஸைத் திருப்பி வாங்கியவர்கள் சட்டையை வாங்கவில்லையாம்.

"தோய்ச்சி மாட்டி வச்சிருக்கேன் சாமி. திரும்பக் கூப்பிடுவாங்கன்னு பையன் சொல்றான்" என்றார் அந்த அம்மா.

கூப்பிடலாம். விமானம் மறுபடி வரும், சேலத்தில் வந்ததைப் போல. ஆனால் அடுத்த முறை அவர் போகும்போது கையில் ஒரு நியமனக் கடிதம் இருக்க வேண்டும். அந்த வேலை யாரோ ஒரு காண்ட்ராக்டரின் தயவால் அல்லாமல் அவருடைய உரிமையால் கிடைத்ததாக இருக்க வேண்டும். அதற்கான கேள்வியை விமானம் வருவதற்கு முன்பே நாம் கேட்டாக வேண்டும்.